திரிசூலத்தில் கேமராவோடு நிற்பவர்

ஒரகடம் சாலையில் போய்வருகிறவர்களுக்கு அந்தக் கார்கள் பழகிப்போன காட்சி. உடல் முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகச் சுழிசுழியாக ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். விளக்கு எங்கே முடிகிறது, பானட் எங்கே வளைகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. இன்னும் சந்தைக்கு வராத மாடலைச் சாலையில் ஓட்டிச் சோதிக்கிறார்கள். ரெனோ ஆலை இங்கே இருக்கிறது, பாரத்பென்ஸ் லாரி இங்கே தயாராகிறது, ராயல் என்ஃபீல்டு இங்கே இருக்கிறது, வாகனங்களைச் சோதிக்கும் மத்திய அரசின் ஆய்வு மையமும் இங்கேதான். டீக்கடையில் நிற்கும் பையன் சட்டென்று கைபேசியை எடுத்து ஒரு படம் பிடிப்பான். மாலைக்குள் அது கார்ப் பைத்தியங்களிடையே சுற்றிவரும். வண்டியை நிறுத்தி இறங்கி அவன் கைபேசியைப் பிடுங்கும் உரிமை கம்பெனிக்கு இல்லை. மறைக்க வேண்டியது தன் பொறுப்பு என்று அதற்குத் தெரியும். அதனால் மூடி ஓட்டுகிறது.

ஆலை வாசலைத் தாண்டினால் கதை வேறு. ஷிஃப்டுக்கு வருகிறவரின் கைபேசி கேமரா மேல் செக்யூரிட்டி ஒரு சின்ன ஸ்டிக்கரை ஒட்டுவார். சில ஆலைகளில் கைபேசியையே வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். திரும்பும்போது ஸ்டிக்கர் உரிந்திருந்தால் கேள்வி வரும். முணுமுணுப்பவர்கள் உண்டு, ஆனால் குழப்பம் யாருக்கும் இல்லை. சுவருக்கு உள்ளே படமெடுக்கக் கூடாது, வெளியே சாலையில் எடுக்கலாம். முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள்.

இதே வட்டாரத்தின் தலைக்கு மேல் பறப்பவற்றுக்குத்தான் அந்தத் தெளிவு இல்லை.

மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கொஞ்சம் சாய்ந்து கிடக்கிறது. அதை மேற்கே கோடு போட்டு நீட்டினால் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே போகும். காற்று கிழக்கிலிருந்து வீசும் மாதங்களில் சென்னைக்கு வரும் விமானங்கள் இந்தத் தொழிற்பேட்டைகளின் மேல் தாழ்ந்து, பம்மல், பொழிச்சலூர் பக்கமாக இறங்கும். காற்று திசை மாறினால் பரங்கிமலைப் பக்கமிருந்து வரும். இதையெல்லாம் விரல்நுனியில் வைத்திருக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. விமானத்தின் வாலைப் பார்த்தே எந்தக் கம்பெனி என்று சொல்வார்கள். இன்ஜின் கூட்டின் வடிவத்தை வைத்து எந்த ரகம் என்பார்கள். பின்னுடலில் எழுதியிருக்கும் பதிவெண்ணைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். இந்தியாவில் பதிவான விமானம் என்றால் அது ‘விடி’ என்று தொடங்கும். ரயிலைப் பார்த்துக் கையசைக்கும் பிள்ளை மனசும் கணக்கப்பிள்ளையின் ஒழுங்கும் சேர்ந்த பொழுதுபோக்கு இது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு நீள லென்ஸ் வாங்கியிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் வெளிச்சம் நன்றாக விழும் பக்கம் போய் நிற்பார்கள்.

அந்த நீள லென்ஸ்தான் வினை. கைபேசியில் படமெடுப்பவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. குழல்போல நீண்ட லென்ஸை விமான நிலையத்தின் பக்கம் திருப்பினால், ரோந்து வரும் காவலர் பைக்கை ஓரம் கட்டுவார். பெயர் என்ன, எந்த ஊர், யார் எடுக்கச் சொன்னது, எந்தப் பத்திரிகை என்று கேட்பார். ‘சும்மா ஆசைக்காக எடுக்கிறேன் சார்’ என்ற பதில்தான் அவருக்குச் சந்தேகத்தைக் கூட்டும். ஆசைக்காக ஒருவர் வெயிலில் மணிக்கணக்கில் நிற்பார் என்பதை அவரால் நம்ப முடிவதில்லை. படத்தை அழித்துவிட்டுப் போ என்பதோடு முடிந்தால் நல்ல நாள். ஸ்டேஷனுக்கு வா என்றால் அன்றைய பொழுது போயிற்று. அந்தக் காவலரைக் குறை சொல்லவும் முடியாது. எது சரி, எது தப்பு என்று அவர் கையிலும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1937ஆம் ஆண்டின் விமான விதிகளில் 13ஆவது விதி படமெடுப்பதைப் பற்றியது. அரசு விமான நிலையத்திலும், பறக்கும் விமானத்திலிருந்தும் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் படமெடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். வெள்ளைக்காரன் காலத்து விதி. இதை அப்படியே அமல்படுத்தினால் ஜன்னலோர இருக்கையில் மேகத்தைப் படமெடுத்த அத்தனை பேரும் குற்றவாளிகள். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2004 டிசம்பரில் சுற்றறிக்கை விட்டுப் பயணிகளுக்கு விலக்கு தந்தது. 2020 செப்டம்பரில் சண்டிகரிலிருந்து மும்பை போன விமானத்தில் ஒரு நடிகையைச் சூழ்ந்துகொண்டு செய்தியாளர்கள் படமெடுத்தபோது மறுபடி குழப்பம் வந்தது. இனி யாராவது படமெடுத்தால் அந்தத் தடத்தில் விமானத்தையே இரண்டு வாரம் நிறுத்துவோம் என்று இயக்குநரகம் அறிவித்தது. மறுநாளே, சாதாரணமாகப் பயணிகள் எடுக்கும் படத்துக்குத் தடையில்லை என்று விளக்கம் தந்தது. விதியை வைத்திருப்பவர்களுக்கே ஒரு நாள் தடுமாற்றம் என்றால் ஜிஎஸ்டி சாலையில் நிற்கும் கான்ஸ்டபிள் என்ன செய்வார்?

ஒன்று கவனிக்க வேண்டும். அந்த விதி பேசுவது விமான நிலையத்தையும் விமானத்தின் உள்ளிருந்து எடுப்பதையும். சுவருக்கு வெளியே, பொதுச் சாலையிலோ சொந்த மொட்டைமாடியிலோ நின்று மேலே போகும் பயணிகள் விமானத்தைப் படமெடுப்பதை அது பேசவே இல்லை.

காவல்துறையின் அச்சத்துக்கு அடிப்படை இல்லையென்று சொன்னால் அது பொய். 1984 ஆகஸ்ட் 2ஆம் தேதி இரவு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் சூட்கேஸில் இருந்த குண்டு வெடித்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த இரவை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூருக்கோ வேறு எந்த ஊருக்கும் இல்லாத ஒரு வரலாறு இருக்கிறது. 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட திடலில் ஒரு புகைப்படக்காரரும் செத்துக் கிடந்தார். பெயர் ஹரிபாபு. அவர் உடலோடு கிடந்த கேமரா உடையாமல் தப்பியது. அதிலிருந்த ஃபிலிம் சுருளில் பத்துப் படங்கள். சந்தன மாலையோடு நின்ற தற்கொலைக் குண்டுதாரிப் பெண்ணும், குர்தா பைஜாமா போட்டுப் பத்திரிகைக்காரர் போலக் குறிப்பேட்டோடு நின்ற சதித்தலைவன் சிவராசனும் அவற்றில் இருந்தார்கள். கார்த்திகேயன் தலைமையிலான சிறப்புப் புலனாய்வுக் குழுவுக்கு முதல் பிடி கிடைத்தது அந்தச் சுருளிலிருந்துதான். படமெடுக்க அவரை அழைத்து வந்ததே சதிகாரர்கள்தான் என்பதும் பின்னர் தெரிந்தது.

ஆகவே இந்த ஊரின் காவல்துறைக்குக் கேமரா என்றால் இரண்டு நினைவும் வரும். குற்றவாளிகளோடு வந்ததும் கேமராதான், அவர்களைக் காட்டிக்கொடுத்ததும் கேமராதான். இதில் முதல் பாதியை மட்டும் பாடமாக எடுத்துக்கொண்டதால்தான் சிக்கல்.

உலகம் முழுக்க இந்தப் பயத்துக்கு ஆட்கள் பலியாகியிருக்கிறார்கள். 2001 நவம்பரில் கிரேக்க நாட்டின் கலமாட்டாவில் விமானப்படை விழாவுக்குப் போன 12 பிரிட்டன்காரர்களும் 2 நெதர்லாந்துக்காரர்களும் கைதானார்கள். விமானங்களின் எண்களைக் குறித்துக்கொண்டார்கள் என்பதுதான் அவர்கள்மீது இருந்த புகார். இதை எதற்கு ஒருவர் எழுதி வைக்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் விளங்கவில்லை. 2002 ஏப்ரலில் எட்டுப் பேருக்கு உளவுக் குற்றத்துக்காக மூன்றாண்டுச் சிறை, மற்ற ஆறு பேருக்கு உடந்தைக் குற்றத்துக்காக ஓராண்டு என்று தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. 2015இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைரா விமான நிலையம் அருகே பிடிபட்ட மூன்று பிரிட்டன்காரர்கள் ஏறக்குறைய இரண்டு மாதம் உள்ளே இருந்துவிட்டு ஊர் திரும்பினார்கள்.

நம் நாட்டிலும் நடந்தது. 2010 பிப்ரவரியில் டெல்லி விமான நிலையத்தை ஒட்டிய ஓட்டலில் ஓடுபாதை தெரியும் அறையாகக் கேட்டு வாங்கித் தங்கிய இரண்டு பிரிட்டன்காரர்களை, தொலைநோக்கியையும் கேமராவையும் ரேடியோ கருவியையும் பார்த்துச் சந்தேகப்பட்ட ஓட்டல்காரர்கள் போலீஸுக்குச் சொல்லிவிட்டார்கள். தந்திச் சட்டத்தின் கீழ் வழக்கு, சிறை, கடைசியில் அபராதம். விமானிகளும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பேசிக்கொள்வதை உரிமம் இல்லாத கருவியில் கேட்பது இந்தியாவில் குற்றம்தான். அதை அவர்கள் தெரிந்து வந்திருக்க வேண்டும். ஆனால் பயங்கரவாதிகளோ என்று தொடங்கிய விசாரணை முடிந்தது அந்த ரேடியோ பெட்டியில்தான்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2024 அக்டோபர் 6ஆம் தேதி மெரினாவில் விமானப்படை சாகசம் நடந்தது. சுமார் 15 லட்சம் பேர் திரண்டார்கள் என்று மதிப்பிட்டார்கள். சுகோய், ரஃபேல், தேஜஸ் என்று போர்விமானங்களே தலைக்கு மேல் பறந்தன. கடற்கரை முழுக்கக் கைகள் உயர்ந்து படமெடுத்தன. அரசே கூப்பிட்டு எடுக்கச் சொன்ன படங்கள் அவை. அன்றைய வெயிலிலும் நெரிசலிலும் ஐந்து பேர் இறந்த துயரத்தை மறக்கக் கூடாது. விமானம் பார்க்க இந்த மக்களுக்கு எவ்வளவு ஆசை என்பதை அதற்குமேல் யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஒரு மாநகரமே போர்விமானத்தைப் படமெடுக்கலாம் என்றால், மதுரைக்குப் போகும் பயணிகள் விமானத்தை, விமான நிலையத்தை ஒட்டிய திரிசூலத்தில் நின்று எடுப்பவரிடம் என்ன ஆபத்து?

2025 ஜூனில் பிரிட்டன் கடற்படையின் எஃப்-35 போர்விமானம் திருவனந்தபுரத்தில் அவசரமாக இறங்கிப் பழுதாகி ஒரு மாதத்துக்கும் மேல் நின்றது. உலகின் மிக நவீனமான, மிகவும் மறைத்துவைக்கப்படும் விமானங்களில் அது ஒன்று. மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படை அதைச் சுற்றிக் காவல் நின்றது. அதே நேரம் அதன் படம் நாடெங்கும் பரவியது. கேரளச் சுற்றுலாத் துறையே அதை வைத்து விளம்பரம் போட்டது. காவலும் நடந்தது, படமும் நடந்தது. ஒன்றால் மற்றதற்கு எந்தக் குறையும் வரவில்லை.

அகமதாபாத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. 2025 ஜூன் 12 அன்று லண்டனுக்குக் கிளம்பிய ஏர் இந்தியாவின் போயிங் 787 அரை நிமிட நேரத்தில் மருத்துவக் கல்லூரி விடுதி மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டும் பிழைத்தார். தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் இறந்தார்கள். எழும்பிய விமானம் உயரம் பிடிக்க முடியாமல் தாழ்ந்து தாழ்ந்து மறைந்து தீக்கோளமாக எழும் அந்தக் காட்சியை உலகம் பார்த்தது ஒரு பதினேழு வயதுப் பையனின் கைபேசி வழியாக. கிராமத்திலிருந்து அப்பா தங்கியிருந்த வாடகை வீட்டுக்கு வந்தவன். விமானம் இவ்வளவு பக்கத்தில் போவதைப் பார்த்த சந்தோஷத்தில் மொட்டைமாடிக்கு ஏறிப் படம் பிடித்திருக்கிறான். விபத்து நடக்கப் போகிறது என்று தெரிந்து எடுத்ததில்லை. ஊருக்குத் திரும்பி நண்பர்களிடம் காட்டத்தான்.

அடுத்த நாட்களில் என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். போலீஸ் அவனை அழைத்துப்போனதும், பையனைக் கைது செய்துவிட்டார்கள் என்று செய்தி பரவியது. கைது இல்லை, சாட்சியாக வாக்குமூலம் வாங்கினோம், அப்பாவோடுதான் வந்தான், அனுப்பிவிட்டோம் என்று அகமதாபாத் போலீஸ் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. போலீஸ் நடந்துகொண்டது சரி. ஆனால் ‘விமானத்தைப் படமெடுத்தவன்’ என்றதுமே ‘கைது’ என்ற வார்த்தையை ஊர் நம்பியது. அந்த நம்பிக்கை வெறும் வதந்தியில் பிறந்ததில்லை, இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் ஊறியது. சக்தி போனால் அவசரத்துக்கு விமானத்தின் அடிவயிற்றிலிருந்து இறங்கும் சின்னக் காற்றாடி வெளியே வந்திருந்ததா, இன்ஜின் சக்தி போய்விட்டதா என்று வல்லுநர்கள் முதல் நாட்களில் வாதாடியது அந்தப் பையனின் காட்சியை வைத்துத்தான். காற்றாடி வெளிவந்ததை, விமான நிலையக் கேமராப் பதிவைக் கொண்டு, புலனாய்வு அமைப்பின் முதற்கட்ட அறிக்கை ஒரு மாதம் கழித்து உறுதி செய்தது. அந்த ஒரு மாதமும் பொதுமக்கள் கையில் இருந்த சான்று அவன் எடுத்தது.

வேடிக்கை பார்ப்பவர்களின் குறிப்பேடு அரசுகளுக்கே பதில் சொல்லவைத்த காலமும் உண்டு. ஜெர்மன் குடிமகன் காலித் அல் மஸ்ரியை அமெரிக்க உளவுத்துறை ஆள் மாறாட்டத்தில் பிடித்து, 2004 ஜனவரியில் ரகசியமாக ஆப்கானிஸ்தானுக்குக் கொண்டுபோன போயிங் 737இன் படம், ஸ்பெயினின் பால்மா விமான நிலையத்தில் இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் எடுத்த படங்களில் இருந்தது. பதிவெண்ணோடு. 2012இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

வெளிநாடுகளில் இவர்களுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். மான்செஸ்டரில் ஓடுபாதையை ஒட்டிப் பூங்கா இருக்கிறது. நடுவில் ஒரு கன்கார்டு விமானத்தை நிறுத்தியிருக்கிறார்கள், குடும்பத்தோடு போகலாம். ஆம்ஸ்டர்டாமில் விமான நிலையத்தின் மாடியிலேயே பார்வைத் தளம். டோக்கியோவின் ஹனேடாவில் மொட்டைமாடித் தளங்கள், சிங்கப்பூர் சாங்கியில் பார்வையாளர் மாடம். ஒரே இடத்தில் வாராவாரம் நிற்பவருக்குத்தான் வழக்கத்துக்கு மாறாக வேலியோரம் சுற்றும் ஆளை அடையாளம் தெரியும் என்பதால், பிரிட்டனில் சில விமான நிலையங்களின் போலீஸ் இவர்களைத் தங்கள் கண்ணும் காதுமாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. நம்மிடமும் ஒரு காலத்தில் பல விமான நிலையங்களில் பார்வையாளர் மாடம் இருந்தது. டிக்கெட் வாங்கிக்கொண்டு வழியனுப்ப வந்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் ஏறி நின்றார்கள். பாதுகாப்புக் காரணத்துக்காகப் பலவற்றை மூடிவிட்டார்கள்.

சென்னைக்கு இந்தக் கண்கள் தேவை. 2025 மே மாதம் துபாயிலிருந்து வந்து இறங்கிக்கொண்டிருந்த விமானத்தின் மேல் பரங்கிமலைப் பக்கமிருந்து யாரோ லேசர் ஒளியைப் பாய்ச்சினார்கள். விமானியின் கண் கூசினால் நூற்றுக்கணக்கான உயிர் போகும். அந்தப் பகுதியில் மொட்டைமாடிகளைப் பார்த்தபடி நிற்கும் பழக்கம் உள்ளவர்கள் யார்? கேமராவோடு நிற்கும் இவர்கள்தான். இன்றைக்கு அவர்களில் ஒருவர் சந்தேகமான எதையாவது பார்த்தாலும் ஸ்டேஷனுக்குப் போகத் தயங்குவார், ‘நீ ஏன் அங்கே நின்றாய்’ என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும் என்பதால்.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. டிரோன், பலூன், லேசர் ஆகியவற்றுக்கு விமான நிலையத்தைச் சுற்றித் தடை விதித்து மாநகரக் காவல்துறை அவ்வப்போது உத்தரவு போடுகிறது. அதே உத்தரவில் ஒரு வரி சேர்க்கலாம்: பொது இடத்திலிருந்து பயணிகள் விமானத்தைப் படமெடுக்கத் தடையில்லை. தாம்பரம் விமானப்படைத் தளம், அரக்கோணத்தின் கடற்படைத் தளமான ராஜாளி ஆகியவற்றின் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது என்பதையும் அதே தாளில் அழுத்தமாகச் சொல்லலாம். பாகிஸ்தானோடு மோதல் நடந்த 2025 மே மாதத்தில், ராணுவம் பயன்படுத்தும் விமான நிலையங்களில் ஜன்னல் திரையை இறக்கி வைக்கச் சொன்னார்களே, அதுபோல எங்கே, எப்போது என்று வரையறுத்துச் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். இந்தப் பொழுதுபோக்குக்காரர்களில் பெரும்பாலோர் மற்றவர்களைவிடத் தேசப்பற்றோடு இருப்பவர்கள். விதி தெரிந்தால் முதலில் கடைப்பிடிப்பவர்களும் அவர்களே.

‘படத்தை அழி’ என்ற பழக்கம் நிற்க வேண்டும். படம் குற்றமானது என்றால் அது சாட்சியம், அதை அழிப்பது வழக்கையே கெடுக்கும். குற்றமில்லை என்றால் அழிக்கச் சொல்ல அதிகாரம் எங்கிருந்து வந்தது? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், சோதனையையும் பறிமுதலையும் காவலரே வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது. கேமராவைக் கைப்பற்றுகிறவர் அதை முறைப்படி எழுதி நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும். சாலையோரத்தில் வைத்து மெமரி கார்டைப் பிடுங்குவது எந்தச் சட்டத்திலும் இல்லை.

வல்லம் வடகாலில் வான்வெளித் தொழிற்பூங்கா கொண்டுவந்திருக்கிறார்கள். விமானப் பாகங்கள் இந்த வட்டாரத்தில் தயாராக வேண்டும் என்பது அரசின் திட்டம். அதற்குப் பொறியாளர் வேண்டும், ஃபிட்டர் வேண்டும், தர ஆய்வாளர் வேண்டும். விமான நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்களைச் சுற்றிச் சுற்றி வந்த ஒரு மாணவர்தான் பின்னாளில் அப்துல் கலாம் ஆனார். சுங்குவார்சத்திரத்தில் ஷிஃப்ட் முடித்து நிற்கும் இளைஞன் தலைக்கு மேல் போவது ஏர்பஸ் 320ஆ, 321ஆ என்று கேட்டால் அவனைத் துருவித்துருவி விசாரிக்க வேண்டியதில்லை, பதில் சொல்ல ஆள் வேண்டும்.

பரந்தூர் விமான நிலையம் வரலாமா கூடாதா என்ற வழக்கு இன்னும் மக்கள் மன்றத்தில் நிற்கிறது. 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்த நாளிலிருந்து ஏகனாபுரம் மக்கள் ஏரியையும் வயலையும் விட மாட்டோம் என்று போராடி வருகிறார்கள். அவர்கள் கேட்பதற்கு நேர்மையான பதில் கொடுக்காமல் அங்கே ஒரு கல்லும் நடக் கூடாது. கட்டியே தீருவதென்று அரசு முடிவெடுத்தால், வரைபடத்தில் கடைக்கும் வாகன நிறுத்தத்துக்கும் கோடு போடும் நேரத்திலேயே, ஓடுபாதை தெரியும்படி ஒரு பார்வையாளர் மாடத்துக்கும் இடம் குறிக்க வேண்டும். மீனம்பாக்கத்துக்கு அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியதில்லை. மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு மாடியை வேலி போட்டு, ஆதார் அட்டையைக் காட்டி ஐம்பது ரூபாய் டிக்கெட்டில் உள்ளே விட்டால் போதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கூட்டம் வரும்.